சேடிலைத் தொடுவதற்கு முன் நெக்கைப் பாருங்கள்: பேஸ் கிட்டாரில் கம்பியின் உயரம்

உங்கள் நான்கு கம்பி பேஸ் கிட்டாரில் இருந்த 45–105 கம்பிகளைப் போன மாதம் கழற்றிவிட்டு 50–110 கம்பிகளைப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். (இந்த எண்கள் மிக மெல்லிய, மிகக் கனத்த கம்பிகளின் விட்டத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளாகச் சொல்கின்றன.) அதன் பிறகு கம்பிகள் ஃபிரெட் பலகையைவிட்டு (ஃபிரெட் என்பது விரல் அழுத்தும் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அதிகமாக எழும்பி நின்று இடக்கை விரல்கள் வலித்ததால், கம்பிகளை உடற்பக்கம் தாங்கும் பிரிட்ஜில் உள்ள சேடில் என்ற சிறு தாங்கிகளை ஏறக்குறைய அடிவரை இறக்கிவிட்டீர்கள். இப்போது 12-ஆம் ஃபிரெட்டுக்கு மேல் எங்கே அழுத்தினாலும் கம்பி ஃபிரெட்டில் பட்டு ‘கிர்ர்’ என்று உரசுகிறது. ஆனால் 5 முதல் 9 வரையுள்ள ஃபிரெட்டுகளில் கம்பி இன்னமும் உயரமாகவே இருக்கிறது. இது ஏன், எவ்வளவு உயரம் சரியானது, பழைய கம்பிகளுக்கே திரும்பிவிட வேண்டுமா என்பன உங்கள் மூன்று கேள்விகள்.

முதல் கேள்விக்கு விடை நீங்கள் எழுதிய விவரத்திலேயே இருக்கிறது. நடுவில் உயரம், மேல் ஃபிரெட்டுகளில் உரசல் என்ற இரண்டும் ஒரே கருவியில் சேர்ந்து வந்தால், ஃபிரெட் பலகை உள்ள நீண்ட கழுத்துப் பகுதியான நெக் முன்பக்கமாக அளவுக்கு மீறி வளைந்திருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். நாண் இழுக்க இழுக்க வில் வளைவதைப் போல, கம்பிகளின் இழுவையில் நெக் வளைகிறது. 34 அங்குல, அதாவது 864 மி.மீ. நீளமுள்ள வழக்கமான பேஸில் 45–105 கம்பிகளைச் சரியான சுருதிக்கு ஏற்றினால் நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோ எடையின் விசையோடு இழுக்கும். ஒரே நீளத்தில் ஒரே சுருதிக்கு ஏற்றும்போது கனமான கம்பிக்கு அதிக இழுவிசை தேவை என்பதால், 50–110 போட்டதும் அதன்மேல் இன்னும் 10 கிலோ அளவுக்குக் கூடியிருக்கும். அந்தக் கூடுதல் இழுவையைச் சமன்செய்ய நெக்கின் உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டை யாரும் முறுக்கவில்லை. ஆகவே நெக் வளைந்தது, நடுவில் கம்பிகள் எழுந்து நின்றன. வளைவினால் வந்த உயரத்தைக் குறைக்கச் சேடிலை இறக்கினீர்கள். சேடிலை இறக்குவதன் பலன் பிரிட்ஜை நெருங்க நெருங்கக் கூடும் என்பதால் மேல் ஃபிரெட்டுகளில் இருந்த இடைவெளி முழுவதும் போய்விட்டது. நடுவில் இருந்த உயரமோ அவ்வளவாகக் குறையவில்லை.

கம்பியின் உயரத்தை, அதாவது வாசிப்பவர்கள் ஆக்‌ஷன் என்று சொல்வதை, மூன்று இடங்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. தலைப்பக்கம் கம்பி அமர்ந்திருக்கும் நட் ஒன்று, நெக்கின் வளைவு மற்றொன்று, பிரிட்ஜில் உள்ள சேடில் மூன்றாவது. கண்ணுக்குத் தெரிவதும் கைக்கு எளிதில் எட்டுவதும் சேடிலின் திருகாணிதான் என்பதால் எல்லாரும் முதலில் அதில்தான் கைவைக்கிறார்கள். உண்மையில் அது கடைசியில் வர வேண்டிய வேலை. நெக்கைச் சரிசெய்யாமல் சேடிலில் எடுக்கும் எந்த அளவும், நெக்கைச் சரிசெய்த அந்த நிமிடத்திலேயே பயனற்றதாகிவிடும்.

வளைவுதான் குற்றவாளி என்றால் நெக்கைத் துளியும் வளைவின்றி நேராக்கிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்யக்கூடாது. மீட்டப்பட்ட கம்பி நேர்க்கோட்டில் நிற்பதில்லை. இரு முனைகளிலும் ஒடுங்கியும் நடுவில் பருத்தும் ஊசலாடுகிறது. பேஸின் நான்கு கம்பிகளில் (ஈ, ஏ, டி, ஜி) மிகத் தாழ்ந்த சுருதியுள்ள ஈ கம்பி நொடிக்கு 41 முறைதான் அதிர்கிறது, கனமும் அதிகம். ஆகவே அதன் ஊசலாட்டம் சாதாரண கிட்டார் கம்பியினுடையதைவிட மிக அகலமானது. அழுத்தி மீட்டிவிட்டுப் பக்கவாட்டில் பார்த்தால் கம்பி ஒரு மெல்லிய புகைப்படலம்போல விரிவது தெரியும். அந்த விரிவுக்கு இடம்விட்டு நெக் மிகச் சிறிதளவு முன்புறம் குழிந்திருக்க வேண்டும். இதை ரிலீஃப் என்கிறார்கள். குழிவு குறைந்தால் 1 முதல் 5 வரையுள்ள ஃபிரெட்டுகளில் உரசும். கூடினால் உங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும். நம் தம்பூராவில் குதிரையின்மேல் ஜீவா நூலை நகர்த்தி, கம்பி குதிரையை உரசும்படி வேண்டுமென்றே செய்கிறோம். அந்த உரசலில்தான் தம்பூராவின் உயிரே இருக்கிறது. பேஸில் அதே உரசல் சுரத்தின் நீளத்தைத் தின்றுவிடுகிறது. எனினும், ஆம்பிளிஃபயரில் கேட்காமல் வெறும் காதுக்கு மட்டும் கேட்கும் இலேசான உரசலைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. கம்பியைக் கொஞ்சம் தாழ்வாக வைத்து வாசிப்பவர்கள் பலரின் கருவியில் அது இருந்துகொண்டேதான் இருக்கும்.

இனி வேலைக்கு வருவோம். நீங்கள் வைக்க நினைக்கும் கம்பிகளைப் போட்டு, சரியான சுருதிக்கு ஏற்றி, முடிந்தால் ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் தொடங்குங்கள். தேவையானவை அதிகமில்லை: டியூனர், அரை மில்லிமீட்டர் கோடுகள் உள்ள ஸ்டீல் ஸ்கேல், பொருத்தமான ஆலன் கீகள் (அறுகோணத் துளையுள்ள திருகாணிகளைத் திருப்புபவை), ஃபீலர் கேஜ். ஃபீலர் கேஜை இசைக்கருவிக் கடையில் தேட வேண்டாம்; பைக் மெக்கானிக் டேப்பெட் இடைவெளி பார்க்க வைத்திருக்கும் அதே தகட்டுக் கொத்துதான், உதிரிபாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் ஒரு விசிட்டிங் கார்டு போதும். அதன் கனம் பெரும்பாலும் 0.3 மி.மீ.யை ஒட்டியிருக்கும். சாதாரண அச்சுத்தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ.

கருவியை மேசைமேல் மல்லாத்திப் போட்டு அளக்காதீர்கள். அப்படிப் படுக்கவைத்தால் நெக்கின் எடையே அதன் வளைவைச் சற்று மாற்றிவிடும். மடியில் வாசிக்கும் நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஃபிரெட்டில் ஒரு கேப்போவை, அதாவது கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியை, மாட்டுங்கள். அது இல்லையென்றால் இடக்கை விரலால் அழுத்தலாம். ஈ கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் வலக்கைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். இரு முனையும் அழுத்தப்பட்ட கம்பி இப்போது ஒரு நேர்க்கோல் ஆகிவிட்டது. அந்தக் கோலுக்கும் 7-ஆம் ஃபிரெட்டின் உச்சிக்கும் இடையே உள்ள இடைவெளிதான் ரிலீஃப். 0.30 தகட்டைச் செருகும்போது கம்பி எழும்பாமல், அதே சமயம் தகடு ஆடாமல், இலேசாக உரசிக்கொண்டு நுழைய வேண்டும். இரண்டு கையும் கம்பியை அழுத்துவதிலேயே இருந்தால், நீளும் ஒரு விரலால் 7-ஆம் ஃபிரெட்டின் மேல் கம்பியைத் தட்டிப் பாருங்கள். ‘டிக்’ என்று சிறிய ஒலி கேட்டால் இடைவெளி இருக்கிறது; கம்பி அசையவே இல்லையென்றால் நெக் நேராகவோ பின்புறம் வளைந்தோ இருக்கிறது. உங்கள் கருவியில் விசிட்டிங் கார்டை இரண்டாக மடித்துச் செருகினாலும் இடம் மிஞ்சும் என்று எதிர்பார்க்கிறேன்.

ட்ரஸ் ராடைத் திருப்ப எல்லாரும் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் ஓரளவுக்கு நல்லதுதான், ஆனால் தொடாமலே விட்டுவிடும் அளவுக்கு அது வளர வேண்டியதில்லை. அந்தத் தண்டு திருப்பப்படுவதற்காகவே அங்கே இருக்கிறது. அதன் முனை சில பேஸ்களில் தலைப்பக்கம் நட்டுக்குப் பின்னால் ஒரு சிறு மூடியின் கீழ் இருக்கும், சிலவற்றில் நெக்கின் மறுமுனையில் உடலை ஒட்டி இருக்கும். மியூசிக் மேன் பேஸ்களில் உடற்பக்கம் துளைகளுள்ள ஒரு சிறு சக்கரமாகவே வெளியே தெரியும். அதை ஒரு மெல்லிய கம்பியால் தள்ளித் திருப்பிவிடலாம். ஃபெண்டர் நிறுவனத்தின் பழைய பாணி பேஸ்களில் முனை உடலுக்குள் மறைந்திருப்பதால் நெக்கைக் கழற்றித்தான் எட்ட முடியும். முனையை நேருக்கு நேர் பார்த்தபடி கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால் தண்டு இறுகி நெக் நேராகும். எதிர்த்திசையில் திருப்பினால் தளர்ந்து குழிவு கூடும். உங்களுக்கு வேண்டியது இறுக்குவது. இறுக்குவதற்கு முன் கம்பிகளைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள், தண்டின் மரைக்குப் பளு குறையும். முதலில் ஒரு நூலளவு எதிர்த்திசையில் திருப்பி, மரை இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்று தெரிந்துகொண்டு, பிறகு கால் சுற்று இறுக்குங்கள். மறுபடி சுருதி சேர்த்து அளவெடுங்கள். போதவில்லையென்றால் இன்னொரு கால் சுற்று. மரம் உடனே முழுவதும் அசைந்துவிடாது. சில மணி நேரம் கழித்தும் கொஞ்சம் நகரும். ஆகவே 0.35-இல் நின்றால் அன்றைக்கு அங்கேயே விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். திருப்பும்போது கைக்கு வழக்கத்துக்கு மாறான எதிர்ப்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். உள்ளே முறிந்த தண்டை மாற்றுவது ஃபிரெட் பலகையையே பெயர்த்தெடுக்கும் வேலையாகிவிடக்கூடும்.

இங்கே ஆலன் கீ பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் பட்டது இதில்தான். அமெரிக்காவில் செய்த பேஸ்கள் பெரும்பாலும் அங்குல அளவிலும் ஆசிய நாடுகளில் செய்தவை பெரும்பாலும் மில்லிமீட்டர் அளவிலும் திருகாணிகளைக் கொண்டிருக்கும். ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு என்பது 1.59 மி.மீ. அதற்குள் 1.5 மி.மீ. கீ தாராளமாக நுழையும், பொருந்திவிட்டது போலவே தோன்றும். ஒரு நண்பரின் பழைய பேஸில் அப்படித்தான் நுழைத்தேன். முதல் இரண்டு திருகாணிகள் திரும்பின. மூன்றாவது துருப்பிடித்து இறுகியிருந்தது. கீ உள்ளே ஒருமுறை வழுக்கியதும் ஆறு மூலைகளும் தேய்ந்து துளை வட்டமாகிவிட்டது. அந்தச் சிறு திருகாணியை எடுக்க ஒரு முழு மாலை ஆயிற்று, அதற்கு இணையானதைத் தேட இரண்டு வாரம் ஆயிற்று. இதுவே ட்ரஸ் ராடின் முனையில் நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு. கீயை நுழைத்ததும் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அசைவு சிறிதளவு இருந்தாலும் அது அந்தத் துளைக்கு உரிய கீ அல்ல. துருவேறிய சேடில் திருகாணிகளுக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெயை ஊசிமுனையில் எடுத்து வைத்து அரைமணி நேரம் காத்திருந்தால் போதும்.

இவ்வளவும் பிரிட்ஜில் தனித்தனிச் சேடில் உள்ள, நெக்கில் ஒற்றை ட்ரஸ் ராட் உள்ள பேஸ்களுக்குப் பொருந்தும். பழைய ரிக்கன்பேக்கர் 4001 போன்றவற்றில் இரண்டு தண்டுகள் இருக்கின்றன. அவற்றில் நெக்கை முதலில் கையால் தேவையான நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டு, பிறகு அந்த நிலையைப் பிடித்துவைக்கத்தான் தண்டை இறுக்க வேண்டும். அது பழகியவர் செய்ய வேண்டிய வேலை. வயலின் வடிவ ஹாஃப்னரில் பிரிட்ஜே மரத்தாலானது, உடலோடு ஒட்டப்படாதது. இரண்டு சிறு சக்கரங்களால் ஒட்டுமொத்தமாகத்தான் ஏறி இறங்கும்.

நெக் சரியானதும் சேடிலுக்கு வரலாம். 12-ஆம் ஃபிரெட் கம்பியின் சரிபாதியில் இருக்கிறது. ஆகவே சேடிலை 1 மி.மீ. ஏற்றினால் 12-ஆம் ஃபிரெட்டில் கம்பி அரை மில்லிமீட்டர்தான் ஏறும். 17-ஆம் ஃபிரெட் நட்டிலிருந்து கம்பியின் நீளத்தில் 62 விழுக்காட்டுக்குச் சற்று மேல் தள்ளி இருப்பதால், அங்கே ஏறுவது 0.6 மி.மீ.க்குச் சற்று அதிகம். இந்தக் கணக்குத் தெரிந்தவர் கண்மூடித்தனமாகத் திருப்ப மாட்டார். 17-ஆம் ஃபிரெட்டில் 0.5 மி.மீ. கூட்ட வேண்டும் என்றால் சேடில் 0.8 மி.மீ. ஏற வேண்டும். மில்லிமீட்டர் அளவுத் திருகாணி பெரும்பாலும் ஒரு முழுச் சுற்றுக்கு 0.5 மி.மீ. நகரும், எனவே ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மேல். ஒவ்வொரு சேடிலுக்கும் இரண்டு திருகாணிகள் உண்டு. இரண்டையும் ஒரே அளவு திருப்பி, சேடில் ஒருபக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றும்போது கம்பியைத் தளர்த்திக்கொள்வது நல்லது. இல்லையென்றால் கம்பியின் அழுத்தத்தை எதிர்த்துத் திருப்ப வேண்டியிருக்கும், அப்போதுதான் துளைகள் தேய்கின்றன. இன்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளும் இந்த வசதி தொடக்கத்தில் இல்லை. 1951-இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் இரண்டு கம்பிக்கு ஒரு சேடில் என்றுதான் இருந்தது. நான்கு கம்பிக்கும் தனித்தனிச் சேடில் வந்தது 1957-இல்.

எவ்வளவு உயரம் சரி என்ற இரண்டாம் கேள்விக்கு, தொடங்குவதற்கு ஏற்ற புள்ளியாக ஃபெண்டர் நிறுவனம் தன் பேஸ்களுக்குக் கூறும் அளவுகளைத் தருகிறேன். ஃபிரெட் பலகையின் குறுக்கு வளைவு 9.5 முதல் 12 அங்குல ஆரம் உள்ளவற்றில் ரிலீஃப் 0.3 மி.மீ.; 17-ஆம் ஃபிரெட்டில் ஈ பக்கம் 2.4 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. பழைய பாணியில் 7.25 அங்குல ஆரத்தோடு அதிகமாக உருண்ட பலகைக்கு ரிலீஃப் 0.35, உயரம் 2.8 மற்றும் 2.4. இவை கம்பியை எங்கும் அழுத்தாமல், ஃபிரெட்டின் உச்சியிலிருந்து கம்பியின் அடிப்பாகம் வரை எடுக்க வேண்டிய அளவுகள். ஸ்கேலின் முனையில் 0 கோட்டுக்கு முன்பாக வெற்று இடம் இருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். பலருடைய அளவு ஒரு மில்லிமீட்டர் தவறிப்போவது அங்கேதான். முதலில் ஈ, ஜி இரண்டையும் வைத்துவிட்டு, இடையில் உள்ள ஏ, டி கம்பிகளைப் படிப்படியாக 2.3, 2.1 என்று இறக்கிக்கொண்டு வந்தால், நான்கு கம்பியும் பலகையின் உருட்சியைத் தழுவியபடி நிற்கும். நான்கு சேடிலையும் ஒரே மட்டத்தில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் உருண்ட பலகையில் நடுக் கம்பிகள் இரண்டும் தாழ்ந்து, அவையே முதலில் உரசும்.

இந்த அளவுகள் தொடக்கம்தான், முடிவு அல்ல. முடிவைச் சொல்ல வேண்டியது உங்கள் வலக்கை. எவ்வளவு தாழ்த்துகிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் வாசிப்பவர்களிடையே பரவலாக இருக்கிறது, அதை நான் ஏற்பதில்லை. டெட்ராயிட்டின் மோட்டவுன் இசை நிறுவனத்தின் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் 1962 பிரிசிஷன் பேஸில், வழவழப்பான கனத்த ஃபிளாட்வவுண்ட் கம்பிகள் மற்றவர்களால் வாசிக்க முடியாத அளவு உயரத்தில் நின்றன. வலக்கையின் ஒற்றைச் சுட்டுவிரலால் அவர் அதை வாசித்தார். அந்தத் தொனியின் திண்மைக்கு அந்த உயரமும் ஒரு காரணம். எதிர்ப்புறத்தில், ஃபிரெட் இல்லாத பேஸில் கம்பியை மிகத் தாழ்த்தி, நெக்கையும் ஏறத்தாழ நேராக வைத்தால்தான் சுரம் மெல்ல மலர்வது போன்ற அந்த ஒலி கிடைக்கும். விரல்நுனியால் மென்மையாக மீட்டுபவருக்கு 17-ஆம் ஃபிரெட்டில் 1.8 மி.மீ.கூடப் போதலாம். மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று, தன் ஒலி தனக்கே கேட்காமல் வலுவாக இழுத்து வாசிப்பவருக்கு 2.4 கூடக் குறைவாக இருக்கலாம். வீட்டில் அமைதியாக அமர்ந்து செய்த அமைப்பு மேடையில் உரசுவதற்குக் காரணம் பெரும்பாலும் கருவி அல்ல. அங்கே கை வலுவாக விழுகிறது. ஆகவே மேடையில் வாசிக்கும் அதே வலுவோடு மீட்டிப் பார்த்து, உரசல் வந்த கம்பியை மட்டும் கால் கால் சுற்றாக ஏற்றி, உரசல் நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே நிறுத்துங்கள்.

இதன் பிறகும் ஒரே ஒரு ஃபிரெட்டில் மட்டும் உரசல் நின்றால், அதற்கு அடுத்த ஃபிரெட் மற்றவற்றைவிட எழும்பியிருக்கிறது என்று பொருள். எந்தத் திருகாணியாலும் அது சரியாகாது. ஃபிரெட்டை அழுத்தியோ தேய்த்தோதான் சமன்செய்ய வேண்டும். நெக் சரியாக இருந்தும் 14, 15-க்கு மேல் எல்லா ஃபிரெட்டிலும் உரசினால், நெக் உடலோடு சேரும் இடத்தில் பலகை மேல்நோக்கி எழுந்திருக்கலாம். இதுவும் கைவினைஞரின் வேலைதான். உங்கள் கருவியில் இப்படி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, ஏனெனில் கம்பி மாற்றும்வரை சிக்கல் இல்லை என்கிறீர்கள்.

உங்கள் கருவியில் நட்டை ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம். 105 கம்பிக்கென்று வெட்டிய பள்ளத்தில் இப்போது 110 அமர்ந்திருக்கிறது. ஜி பக்கத்திலும் 45-க்கான பள்ளத்தில் 50. வேறுபாடு 0.13 மி.மீ.தான், ஆனால் கம்பி பள்ளத்தின் அடியைத் தொடாமல் இரு சுவர்களுக்கு நடுவே செருகி நிற்க இது போதும். சுருதி சேர்க்கும்போது ‘டிங்’ என்று ஒரு சிறு ஒலியோடு சுரம் தாவினால் இதுதான் நடக்கிறது. சோதிக்கும் முறை எளிது: கம்பியை 3-ஆம் ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட்டின் மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு இருந்தால் சரி. அதைவிட மிக அதிகமாக இருந்தால், முதல் இரண்டு மூன்று ஃபிரெட்டுகளில் விரல் வலிப்பதற்கு நட்தான் காரணம். பள்ளத்தைக் கம்பியின் கனத்துக்கேற்ற அரத்தால்தான் அறுக்க வேண்டும். இரண்டு இழுப்பு அதிகமாகிவிட்டால் திறந்த கம்பி முதல் ஃபிரெட்டில் உரசத் தொடங்கும். அதை அடைத்துத் திரும்ப அறுப்பதோ புது நட் போடுவதோதான் பிறகு வழி. சேடிலையும் ட்ரஸ் ராடையும் திருப்பியது தவறானால் திரும்பவும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். நட்டில் அறுத்தது அறுத்ததுதான். அரம் இல்லாதவர் இந்த ஒரு வேலையை மட்டும் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

உயரம் மாறியதும் சுருதிச் சுத்தமும் மாறும். அழுத்தும்போது கம்பி சற்று நீள்கிறது, அதனால் சுரம் ஏறுகிறது. உயரம் குறைந்தால் அந்த ஏற்றமும் குறையும். 12-ஆம் ஃபிரெட்டின் மேல் விரலை மெல்ல வைத்து எழுப்பும் ஹார்மோனிக்கையும், அதே ஃபிரெட்டை அழுத்தி எழுப்பும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள். இறங்கியிருந்தால் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். கனமான கம்பிக்குச் சேடில் பெரும்பாலும் இன்னும் சற்றுப் பின்னால் போக வேண்டியிருக்கும். இறுதியாக, கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப். சேடிலை இறக்கியபோது கம்பிகள் பிக்கப்பின் காந்தத்தை நெருங்கியிருக்கும். காந்தம் மிக அருகில் இருந்தால் ஈ கம்பியை இழுத்துப் பிடித்து, மேல் ஃபிரெட்டுகளில் சுரம் தளும்புவது போன்ற ஒலியை உண்டாக்கும். அதை ஃபிரெட் உரசல் என்று தவறாக எண்ணி மறுபடி சேடிலை ஏற்றுபவர்கள் உண்டு. கடைசி ஃபிரெட்டில் கம்பியை அழுத்திப் பார்த்து, பிக்கப்புக்கும் கம்பிக்கும் இடையே 3 மி.மீ. அளவாவது விட்டுவிடுங்கள்.

நெக்கைச் சரிசெய்தபின் சேடில்களைக் கொஞ்சம் ஏற்ற வேண்டி வரும் என்பதால், உங்கள் சேடில்கள் இனியும் அடியில் ஒட்டிக் கிடக்க மாட்டா என்று நம்புகிறேன். ஒருவேளை நெக் நேராகியும், சேடில் அடியைத் தொட்டும், கம்பி உயரமாகவே இருந்தால் நெக்கின் சாய்வை மாற்ற வேண்டும். நான்கு பெரிய திருகாணிகளால் பூட்டிய நெக்கைக் கழற்றி, அது அமரும் பள்ளத்தில் பிரிட்ஜ் பக்கத்து விளிம்பில் ஒரு மெல்லிய தகட்டையோ மரச்சீவலையோ வைப்பார்கள். நெக் இம்மியளவு பின்னுக்குச் சாயும். பள்ளத்தில் வைத்த 0.5 மி.மீ., பிரிட்ஜை எட்டும்போது ஏறத்தாழ 2 மி.மீ. ஆகிவிடும். ஆகவே 0.25-இல் தொடங்குங்கள்.

நம் ஊரில் இந்த வேலை ஒருமுறையோடு முடிவதில்லை. ஐப்பசி மழையில் காற்றின் ஈரத்தை மரம் உறிஞ்சும், கோடையில் ஏசி அறையில் காய்ந்து சுருங்கும். நெக் அதற்கேற்ப அசையும். ஏசி அறையிலிருந்து மேடையின் புழுக்கத்துக்குக் கொண்டுபோகும் கருவியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். இன்று முடித்ததும் ரிலீஃப், 17-ஆம் ஃபிரெட்டில் நான்கு கம்பியின் உயரம் ஆகியவற்றைத் தேதியோடு ஒரு சீட்டில் எழுதிக் கருவியின் பையிலேயே போட்டுவையுங்கள். அடுத்த மழையில் கம்பி எழும்பியதாகத் தோன்றினால், சேடிலைத் தொடாமல் 7-ஆம் ஃபிரெட்டை அளந்து சீட்டோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் கால் சுற்று ட்ரஸ் ராடிலேயே பழைய அளவு திரும்பிவிடும்.

பழைய கம்பிகளுக்குத் திரும்ப வேண்டுமா என்ற மூன்றாம் கேள்விக்கு, உயரத்தின் பொருட்டுத் திரும்பத் தேவையில்லை என்பதே என் விடை. 50–110-இன் இழுவையை நல்ல நிலையில் உள்ள எந்த நெக்கும் தாங்கும். ட்ரஸ் ராடை அதற்கேற்ப இறுக்கினால் போதும். நீங்கள் கனமான கம்பியை எதற்காகப் போட்டீர்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது. ஈ கம்பியை டி சுரம் வரை இறக்கி வாசிப்பதற்காக என்றால் அது சரியான தேர்வு, வைத்துக்கொள்ளுங்கள். கனத்த தொனிக்காக மட்டும் என்றால், இதே அமைப்பில் இரண்டு வாரம் வாசித்துப் பாருங்கள். உயரம் குறைந்த பிறகும் இடக்கை களைத்துப்போனால் அது கம்பியின் இறுக்கத்தால் வரும் களைப்பு, அதற்கு எந்தத் திருகாணியும் உதவாது. அப்போது 45–105-ஐத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இழுவை குறைந்ததும் நெக் பின்னுக்குப் போய், இம்முறை 1 முதல் 5 வரையுள்ள ஃபிரெட்டுகள் உரசும். இப்போது இறுக்கும் கால் சுற்றுகளை எண்ணி அந்தச் சீட்டிலேயே எழுதிவைத்திருந்தால், அத்தனையையும் அப்போது தளர்த்தினால் போதும்.